கயிறிழுக்கும் ஐந்து ஃபுளூரின்கள்

பொங்கல் விழாவில் நம் சங்கத்தார் கயிறு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் நிற்பவர் சுமாரானவராக இருந்தாலும், பின்னால் ஐந்து பலசாலிகள் நின்றால் எதிரணி திண்டாடிப் போகும். வேதியியலிலும் அப்படி ஓர் அணி உண்டு. அதன் பெயர் டெஃப்ளேட்.

நடுவில் ஒரு டெல்லூரியம் அணு. அதைச் சுற்றி ஐந்து ஃபுளூரின், ஓர் ஆக்சிஜன். ஆக்சிஜன்தான் மற்ற அணுவைப் பிடிக்கும் கை. ஃபுளூரின்கள் டெல்லூரியத்திடமிருந்து எலக்ட்ரானை இழுக்க, டெல்லூரியம் ஆக்சிஜனை இழுக்க, ஆக்சிஜன் தான் பிடித்த அணுவை இழுக்கிறது. ப்ளஸ் டூ பிள்ளைகளைக் கேட்டால், இப்படி உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் தொகுதியை 'ஈனி' என்பார்கள்.

இது திட்டமிட்டுக் கண்டுபிடித்ததல்ல. 1964-ல் ஆஸ்திரியாவின் எங்கெல்பிரெக்ட், ஸ்லாட்கி இருவரும் பேரியம் டெல்லூரேட்டை ஃபுளூரோசல்ஃபூரிக் அமிலத்துடன் சேர்த்துச் சூடாக்கினார்கள். எதிர்பார்த்தது வேறு; வந்தது டெஃப்ளிக் அமிலம். 'தப்பாய்ப் போயிற்று' என்று கொட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அது சுமார் 39 டிகிரி செல்சியஸில் உருகும் வெண்திண்மம். டில்லியின் மே மாத வெயிலில் தானாகவே உருகிவிடும்!

டெல்லூரியத்தின் இடத்தில் அதே குடும்பத்துக் கந்தகத்தை வைத்தால்? செய்து பார்த்தார்கள். அந்த அமிலம் மைனஸ் 65 டிகிரிக்கு மேலேயே சிதைந்துவிடுகிறது. டெல்லூரியம் பெரிய அணு. ஆறு பேருக்கும் அதில் தாராளமாக இடமுண்டு.

சரி, வெறும் ஃபுளூரினே நன்றாக இழுக்குமே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபுளூரினுக்கு ஒரு பழக்கம்: இரண்டு உலோக அணுக்களை ஒரே நேரத்தில் பிடித்துப் பாலம் போட்டுவிடும். அலுமினியம் ஃபுளூரைடு அப்படித்தான் வலைபோலப் பின்னிக் கொண்டு, கரைப்பான்களில் எளிதில் கரையாத திண்மமாகிறது. டெஃப்ளேட் உருவில் பெரியது. அத்தனை எளிதாகப் பாலம் போடாது. அதனால் தனித்தனி மூலக்கூறுகள் கிடைக்கின்றன. யாருடனும் சேராது என்று ஒதுக்கப்பட்டிருந்த செனானைச் சுற்றி ஆறு டெஃப்ளேட்களை நிறுத்திய சேர்மம்கூட உண்டு.

பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் அலுமினியத்தைச் சுற்றி நான்கு டெஃப்ளேட் கொண்ட எதிர்மின் அயனியை ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் ஒற்றை மின்சுமை இருபது ஃபுளூரின்களுக்கும் பரவிப்போகிறது. அதனால் பக்கத்திலிருக்கும் நேர்மின் அயனியை அது இறுகப் பற்றுவதில்லை. தனியே நிற்காத அயனிகளைப் பிடித்துப் பார்க்க இப்படிப்பட்ட ஒட்டாத துணைதான் வேண்டும்.

வேலைதான் எளிதல்ல. ஈரம் பட்டால் கெட்டுவிடும். காற்றில்லாத பாத்திரங்களிலேயே எல்லாம் நடக்க வேண்டும். டெல்லூரியம் கொஞ்சம் உடம்பில் சேர்ந்துவிட்டாலோ, நாள்கணக்கில் மூச்சில் பூண்டு வாசம் வீசும்.