ஒரு நொதியும் ஒரு மாத்திரையும்

கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் மணலியில் வாழும் எங்களுக்குப் பென்சீன் என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் காணும் பெயரன்று. தெருவில் எவருக்கேனும் இரத்தப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டால், ‘பென்சீன்தான்’ என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பென்சீன் அந்நோயை விளைவிக்கக் கூடியது என்பது நிறுவப்பட்ட உண்மையே. ஆயினும் இரத்தப் புற்றுநோய் ஒரே நோயன்று. பென்சீனோடு உறுதியாகத் தொடர்புடையது விரைந்து முற்றும் வகை. மெல்ல வளரும் ‘நாட்பட்ட மைலாய்டு லூக்கேமியா’ வேறு. மூலக்கூறு அளவில் மிகத் தெளிவாக அறியப்பட்டது இதுவேயாதலால், இதைப்பற்றியே எழுதப் புகுந்தேன்.

1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர், இந்நோயாளிகளின் இரத்தச் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டனர். அது ஏன் என்பதை 1973இல் ஜேனட் ரௌலி என்னும் அம்மையார் விளக்கினார். ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் தம் நுனித்துண்டுகளை மாற்றிக்கொண்டுவிட்டன! இம்மாற்றத்தால் தொலைவிலிருந்த இரண்டு ஜீன்கள் ஒட்டி, பிசிஆர்-ஏபிஎல் என்னும் புதிய ஜீன் ஆகின்றன. அது ஆக்கும் புரதம் ஒரு நொதி. ஏடிபி மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் பிற புரதங்களுக்கு அளித்து, ‘பிளவுறுக’ என்று செல்லுக்கு ஆணையிடுவது அதன் தொழில். இயல்பான ஏபிஎல் நொதி வேலை முடிந்ததும் அடங்கும், ஒட்டுநொதியோ ஓய்வதேயில்லை. வெள்ளணுக்கள் பெருகிக்கொண்டே போகின்றன.

ஏடிபி வந்தமரும் குழிவில் வேறொரு மூலக்கூறு முன்னதாகவே அமர்ந்துகொண்டால்? இமாட்டினிப் செய்வது அவ்வளவுதான். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மாத்திரையால், உயிரைப் பறித்த நோய் பலருக்கு நீரிழிவைப்போல் மருந்துண்டு வாழத்தக்கதாயிற்று. நொதியின் 315ஆம் இடத்தில் திரியோனின் போய் ஐசோலியூசின் வந்தால் மருந்து பொருந்தாது. அதற்குப் பொனாட்டினிப் உண்டு.

இம்மருந்தின் வழக்கு நம் சென்னையில் நடந்தது என்பது பலர் அறியாதது. நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் இங்குள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது, இமாட்டினிப் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு. சாய்சதுரக் கந்தகமும் ஒற்றைச்சரிவுக் கந்தகமும் படித்த நமக்கு இது எளிதில் விளங்கும். அறிந்த பொருளின் புதுவடிவம் நோய் தீர்க்கும் திறனில் மேம்பட்டாலன்றிக் காப்புரிமை இல்லை என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. விண்ணப்பம் 2006இல் தள்ளப்பட்டது. அப்பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளியது. உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று இறுதியாக மறுத்தது. அந்நிறுவனம் பலருக்கு மருந்தை இலவசமாக அளித்ததையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் அதன் விலை அன்று மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் மாத்திரை 8,000 முதல் 10,000 வரை. மணலியின் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த இரண்டாவது தொகையே மலைதான்.