'சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்': இருளர் குடியிருப்புக்கு போலீஸ் வந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

செங்கல்பட்டு மாவட்டத்தின் செய்யூர் வட்டாரத்தில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் இருளர் குடியிருப்புகள் பல உண்டு. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான், நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு முக்கியமான விஷ சப்ளையர். ஆனால் ஊரில் ஒரு நகை காணாமல் போனால் சந்தேகம் முதலில் திரும்புவதும் பெரும்பாலும் இவர்கள் பக்கம்தான். எலி, பாம்பு பிடிக்க ராத்திரியில் வயல்வெளியில் நடமாடுபவர்கள். தூக்கிக்கொண்டு போனால் கேட்க வக்கீலோ கட்சிக்காரரோ வரமாட்டார்கள். இந்த இரண்டாவது காரணம்தான் பெரியது.

'ஜெய் பீம்' படத்தில் பார்த்தது இதைத்தான். நிஜத்தில் ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். 1993ல் கம்மாபுரம் போலீஸ் நகைத் திருட்டு என்று அவரைப் பிடித்தது. பிறகு 'தப்பி ஓடிட்டான்' என்றது. போலீஸார் குற்றவாளிகள் என உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பானது 2006ல். நடுவில் 13 வருஷம்!

அடித்து வாங்கும் வாக்குமூலம் செல்லாதே, அப்புறம் ஏன் அடி?

போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை கோர்ட் ஏற்காது. ஆனால் அந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகும். அதனால் குறி வாக்குமூலம் இல்லை, 'ரெக்கவரி'. திருப்புவனத்தில் 2025 ஜூனில் கோயில் காவலாளி ஒருவர் இறந்ததும் நகை எங்கே என்ற விசாரணையில்தான். அடித்ததை மறைந்திருந்து ஒருவர் மொபைலில் எடுத்த வீடியோதான் வழக்கின் போக்கையே மாற்றியது.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால்?

விசாரணைக்கு வரச்சொல்ல எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். பெண்கள், 15 வயதுக்குட்பட்டோர், 60 வயதைத் தாண்டியவர்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். கைது என்றால் குறிப்பாணை, குடும்பத்துக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட். 'சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்' என்ற வாசகத்தின் வசதியே, இது கைதே இல்லை என்று காட்டிவிடலாம் என்பதுதான். கைது இல்லையென்றால் 24 மணி நேரக் கணக்கும் ஓடாது. இந்த நேரத்தில் 15100க்கு போன் செய்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும். இருளர்கள் பழங்குடியினர் என்பதால், பொய் வழக்கு போட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும்.

சிசிடிவி இருக்கிறதே?

எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், குறைந்தது ஓராண்டு பதிவை வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, ஹார்டு டிஸ்க்கில் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி செட் செய்யப்பட்டிருந்தது. அமெரிக்காவின் சிகாகோவில் 2021 மார்ச்சில் லத்தீன் அமெரிக்க வம்சாவளிச் சிறுவன் ஒருவன் போலீஸ் சுட்டு இறந்தான். அதிகாரியின் உடல் கேமரா காட்சியை 17 நாளில் பொதுவில் வைத்தது, போலீஸுக்கு வெளியே இருக்கும் ஒரு விசாரணை அலுவலகம். அந்த அதிகாரி மீது வழக்குப் பதிவாகவில்லை என்பது வேறு கதை. ஆனால் என்ன நடந்தது என்று ஊரே பார்த்தது.

இங்கே யாரிடம் புகார்?

காவல் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வேண்டும் என்றது 2006ன் பிரகாஷ் சிங் தீர்ப்பு. தமிழகத்தின் 2013 சட்டம் மாநில அளவில் உள்துறைச் செயலரையும், மாவட்டத்தில் கலெக்டரையும் தலைவராக்கியது. மாவட்ட ஆணையத்தில் எஸ்பியும் உறுப்பினர். அதாவது செய்யூர்க்காரர் எஸ்பியின் ஆட்கள் மேல் கொடுக்கும் புகாரை, எஸ்பியும் உட்கார்ந்து கேட்பார். காவலில் மரணம், காணாமல் போதல், பாலியல் வன்கொடுமை என்றால் மட்டும் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். அடி வாங்கி உயிரோடு திரும்பி வந்தவருக்கு அதுவும் இல்லை.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997ல் கையெழுத்திட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை; அதற்கென்று தனிச் சட்டமும் வரவில்லை.