வெள்ளிப் பட்டையில் ஒளியும் பொய்

பழைய டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த வெள்ளி வட்டம் ஒன்று வெளியே வந்தால், வழக்கமாக அது போய்ச் சேரும் இடம் நகைக் கடைத் தராசு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரமானாலும் சரி, இடுக்கி எல்லையில் குமுளிப் பக்கமானாலும் சரி, விதி ஒன்றுதான். கொஞ்சம் விவரம் தெரிந்த குடும்பம் என்றால் பழம்பொருள் வியாபாரியிடம் போகும். அங்கே வேறு ஆபத்து.

பாலக்காடு கோட்டை 1766இல் ஹைதர் அலி கட்டியது. 1790இல் கும்பினிப் படை அதைப் பிடித்தது. மைசூர்ப் போர்களில் ஈடுபட்ட சென்னைப் படையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், மலையாளிகள் எல்லோரும் சிப்பாய்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததற்காகக் கும்பினி ஒரு பதக்கம் வெளியிட்டது. சிப்பாய் கைக்கு அது வந்தது 1808இல். தளபதிகளுக்குத் தங்கம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம்! அதில் பெயரும் இல்லை, போரைச் சொல்லும் பட்டையும் இல்லை.

பட்டை பின்னால் வந்தது. பதக்கத்துக்கும் ரிப்பனுக்கும் நடுவே கோக்கப்படும் இந்த மெல்லிய வெள்ளித் துண்டை ஆங்கிலத்தில் கிளாஸ்ப் என்பார்கள். போரின் பெயர் அதில்தான் இருக்கும். பதக்கத்தின் மதிப்பை நிர்ணயிப்பது பெரும்பாலும் இதுவே என்பதால், போலிகள் குவிவதும் இதில்தான்.

1851இல் வெளியான 'ஆர்மி ஆஃப் இந்தியா' பதக்கத்துக்கு 21 பட்டைகள் உண்டு. உயிரோடு இருந்து கேட்டவர்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். 1818 புத்தாண்டு நாளில் நடந்த கோரேகான் சண்டையில் சென்னைப் பீரங்கிப் படையினரும் இருந்தனர். அந்தப் பட்டையைப் பெற அவர்கள் 33 ஆண்டுகள் உயிரோடு இருந்தாக வேண்டும். அரிதாக இருப்பதில் வியப்பென்ன? இன்னொரு வேடிக்கை: பதக்கத்தின் பின்புறம் 1799 என்று ஆண்டு இருக்கும், ஆனால் முதல் பட்டை 1803 போருக்குத்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஏற்கெனவே தனிப் பதக்கம் கொடுத்தாயிற்று. எனவே 'ஸ்ரீரங்கப்பட்டணம்' பட்டையோடு இந்தப் பதக்கத்தை யாராவது நீட்டினால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

1854இல் வந்த 'இந்தியா ஜெனரல் சர்வீஸ்' பதக்கம் 1895 வரையான போர்களுக்கு வழங்கப்பட்டது. புதிய போருக்குப் புதிய பதக்கம் கிடையாது. பழையதன் மேல் இன்னொரு பட்டையை ரிவெட் அடித்துச் சேர்ப்பார்கள். அந்த வேலை படைப்பிரிவு இருந்த ஊரிலேயே, கிடைத்த தட்டானைக் கொண்டும் நடந்ததுண்டு. ரிவெட் கரடுமுரடாக இருப்பதாலேயே அது போலி ஆகிவிடாது. புதிதாகச் சேகரிப்பவர்கள் சறுக்கும் இடம் இது. பார்க்க வேண்டியது எழுத்தை. அச்சில் அடித்த எழுத்து விளிம்பு கூர்மையாக நிற்கும். வார்ப்பில் எடுத்த நகல் மழுங்கி, பரப்பில் ஊசிமுனைத் துளைகளோடு இருக்கும். அடுத்து வெறும் கணக்கு. பெகு போர் நடந்தது 1852–53இல். வசிரிஸ்தான் பட்டை 1894–95க்கு உரியது. இரண்டும் ஒரே சிப்பாயின் மார்பில் என்றால் அவர் நாற்பது வருடம் துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டும்.

ஜெர்மானியர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் கடினம். 1870–71 பிரெஞ்சுப் போரின் பதக்கத்துக்கு 25 பட்டைகளை அவர்கள் அனுமதித்ததே 1895இல்தான். கைப்பற்றிய பீரங்கியின் வெண்கலத்தில் வார்த்தது என்று விளிம்பில் பெருமை பேசும் அந்தப் பதக்கத்தில் வீரனின் பெயர் கிடையாது. சான்றிதழ் தொலைந்தால், பட்டை யாருடையது என்று சொல்ல வழியில்லை.

நம் சிப்பாய்க்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கிறது. விளிம்பில் பெயர், பதவி, படைப்பிரிவின் எண். 'மெட்ராஸ் என்.ஐ.' என்றிருந்தால் சென்னைச் சுதேசிக் காலாட்படை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் பதக்கப் பட்டியல்கள் உள்ளன. எல்லாச் சிப்பாய்களின் பெயரும் அவற்றில் எஞ்சவில்லை. அப்போதும், அந்தப் படைப்பிரிவு அந்தப் போருக்குப் போனதா என்று அதன் வரலாற்றில் தேடலாம். பேராக் பட்டை (1875–76) சென்னை சாப்பர்களிடம் இருப்பது இயல்பு. அந்தப் பக்கமே போகாத பிரிவின் சிப்பாயிடம் இருந்தால் சந்தேகம்தான்.

மோசமான மோசடி பட்டை மாற்றுவதல்ல. அரிய பட்டைக்குப் பொருத்தமான பெயர் வேண்டும் என்பதற்காக விளிம்பை அரத்தால் ராவி, இருந்த பெயரை அழித்து வேறொன்றைப் பொறிப்பது. ஏட்டிலும் கல்வெட்டிலும் இடம் பெறாத ஒரு கிராமத்து ஆளின் ஒரே எழுத்துச் சான்று அத்துடன் போயிற்று. விளிம்பு ஓரிடத்தில் மட்டும் மெலிந்திருந்தால் உஷாராக வேண்டும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலோ அந்த அடையாளமும் மறைந்துவிடும்.

விற்பதானால் முதலில் விளிம்பைப் படம் எடுத்து வைப்பது நல்லது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு தாண்டிய வரலாற்றுப் பொருள் தொல்பொருள். அதில் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது குற்றம். லண்டன் ஏலத்தில் நல்ல விலை வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர் இதைச் சொல்ல மாட்டார்.