மின்சாரக் கார் நமது மண்ணுக்கும் பொருந்த வேண்டும்

2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட தனியார் வாகன இறக்குமதித் தடை, ஏறத்தாழ ஐந்தாண்டுகளின் பின்னர் 2025 பெப்ரவரியில் நீக்கப்பட்டது. எரிபொருள் வரிசைகளின் கசப்பை 2022 இல் அனுபவித்த மக்கள் சிறிய மின்சாரக் கார்களை நாடுவது இயல்பே. ஆயினும் ஒரு நாட்டுக்கென உருவான கார் பிறிதொரு நாட்டுக்கு அப்படியே பொருந்திவிடுவதில்லை.

பெங்களூரில் உருவான ‘ரேவா’ இதற்குத் தக்க உதாரணமாகும். 2001 இல் இந்தியச் சந்தைக்கு வந்த இச்சிறு கார், 2004 முதல் ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் லண்டனில் விற்பனையானது. நகர நெரிசல் கட்டண விலக்கு அங்கு அதற்குக் கைகொடுத்தது. குடும்பமாகப் பயணிக்கும் இந்தியாவிலோ விற்பனை மந்தமாகவே இருந்தது. ஐரோப்பியச் சட்டம் அதனைக் காராகக் கருதாது ‘குவாட்ரிசைக்கிள்’ என வகைப்படுத்தியதால், கார்களுக்குரிய மோதல் பரிசோதனைகள் கட்டாயமாகவில்லை. 2007 இல் பிரித்தானியாவில் நடத்தப்பட்ட பரிசோதனைகளில் அதன் பாதுகாப்புக் குறைகள் வெளிப்பட்டன. 2010 இல் மஹிந்திரா வசமான பின்னர், 2013 இல் நால்வர் அமரும் ‘இ2ஓ’ வெளிவந்தது.

வெப்பமும் பெரும் சவாலாகும். மின்கலத்திற்குத் திரவக் குளிரூட்டல் இல்லாத ‘நிசான் லீஃப்’ கார்கள் அமெரிக்காவின் அரிசோனாவில் விரைவாகக் கொள்ளளவை இழப்பதாக 2012 இல் முறைப்பாடுகள் எழுந்தன. பின்னர் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் மின்கலத்தை நிறுவனம் அறிமுகப்படுத்தியது. ஜப்பானில் பாவிக்கப்பட்ட லீஃப் கார்கள் இலங்கைக்கும் கணிசமாக வந்தன என்பது கவனிக்கத்தக்கது.

உப்பளங்கள் நிறைந்த நமது கரையோரத்தில் வெப்பத்துடன் உப்புக்காற்றும் சேர்ந்து உலோகப் பாகங்களையும் மின் இணைப்புகளையும் அரிக்கிறது. புத்தளத்திலிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீற்றர். நகருக்குள் மட்டும் ஓடுவதற்கென அமைந்த காரில், இடையில் சார்ஜ் செய்யாது சென்று திரும்ப முடியாது. பெரிய குடும்பங்களுக்கு ஆசனங்களும் போதா. 900 மெகாவோட் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் அயலில் வாழும் நாம், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறத்தலாகாது. சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் வேளையில் சார்ஜ் செய்வதே நிலக்கரியின் பங்கைக் குறைக்கும்.

எனவே பாவித்த காரின் மின்கலத்தில் எஞ்சியுள்ள கொள்ளளவு, இலங்கையில் செல்லுபடியாகும் உத்தரவாதம், அரிப்புத் தடுப்பு ஆகியவற்றை விற்பனையாளர் எழுத்தில் வழங்குவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். வாங்குவோரும் விலையை மட்டும் பாராது இவற்றைக் கேட்டறிதல் அவசியம். இன்றேல் உழைத்துச் சேர்த்த பணம் வீண்விரயமாகிவிடும்.