கிளைக் கடைகளின் கணனிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகித்தல்: எங்கே சிக்கும், எப்படி அவிழ்ப்பது?

எமது புடவை வியாபாரத்துக்குப் புறக்கோட்டையில் தலைமைக் கடையும் மாவனல்லை, குருநாகல் ஆகிய இடங்களில் இரண்டு கிளைகளும் இருக்கின்றன. மூன்று இடங்களிலும் சேர்த்து 14 கணனிகள். சென்ற நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது குருநாகலில் பில் போடும் கணனி வைரஸ் புகுந்து நின்று விட்டது. இரண்டு நாட்கள் கையால் பில் எழுதினோம். ஸ்டோரில் என்ன இருந்தது, என்ன போனது என்று பார்த்து முடிக்க மேலும் ஒரு மாதம் சென்றது. அந்தக் கணனிக்கு நான்கு மாதங்களாகப் பாதுகாப்புப் புதுப்பித்தல் எதுவும் போடப்படவில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது.

அதன் பின்னர்தான் எல்லாக் கணனிகளையும் கொழும்பிலிருந்தே கண்காணிக்கும் நிர்வாக மென்பொருள் ஒன்றை வாங்கினோம். விற்றவர்கள் இரண்டு நாள் வேலை என்றார்கள். மூன்று வாரம் கழிந்தும் திரையில் ஆறு கணனிகள்தான் பச்சையாகத் தெரிந்தன. எஞ்சியவை சிவப்பு, அல்லது பட்டியலிலேயே இல்லை. கடைசியில் வந்த பையன், "எல்லாக் கணனியிலும் ஃபயர்வோலை நிறுத்தி விடுவோம், எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் கொடுங்கள், சரிவரும்" என்றான். நானும் சம்மதிக்கத்தான் இருந்தேன். வலையமைப்பு வேலை பார்க்கும் என் தங்கையின் மகன் தடுத்தான். "மாமா, கதவு திறக்கவில்லை என்று சுவரை உடைக்கச் சொல்கிறார்கள்" என்றான். அவனோடு இருந்து நான் கற்றுக்கொண்டதை, இரண்டு மூன்று கிளை வைத்திருக்கும் வியாபாரிகளுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது?

தலைமைக் கடையில் சேர்வர் ஒன்று இருக்கும். ஒவ்வொரு கணனியிலும் ஏஜென்ட் என்னும் சிறு மென்பொருள் இருக்கும். நமது விற்பனைப் பிரதிநிதி ஊரிலிருந்து தினமும் போன் எடுத்து விபரம் சொல்வது போல, இந்த ஏஜென்ட் சில நிமிடங்களுக்கு ஒரு முறை சேர்வரை அழைத்துத் தன் நிலையைச் சொல்லும், புதிய கட்டளை இருந்தால் வாங்கிக்கொள்ளும். அந்த அழைப்பு வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் ஐந்தில் ஒன்று: முகவரி, கதவு, சாவி, கடிகாரம், அடையாளம். ஐந்தையும் ஒரேயடியாகக் குழப்பாமல் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் சேர்வர் இருக்கும் அதே அறையில் ஒரு கணனிக்கு ஏஜென்டைக் கையால் போட்டுப் பாருங்கள். அது பச்சையானால் சேர்வரில் பிழையில்லை. அடுத்து கிளையில் ஒரு கணனிக்குக் கையால் போடுங்கள். அங்கே தோற்றால் பிழை பெரும்பாலும் பாதையில் இருக்கிறது. கையால் போட்டது வேலை செய்து, கொழும்பிலிருந்து அனுப்பிப் போடுவது மட்டும் தோற்றால் பிழை கதவிலோ சாவியிலோ இருக்கிறது. இந்த மூன்று சோதனைக்கு அரை நாள் போதும். எமக்கு மூன்று வாரம் போனது இதைச் செய்யாததால்தான்.

முகவரி

எமது கொழும்பு ரவுட்டரும் மாவனல்லை ரவுட்டரும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 192.168.1 என்று தொடங்கும் இலக்கங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தன. இரண்டு கடைகளையும் வீ.பி.என். மூலம் இணைத்தும், மாவனல்லைக் கணனி சேர்வரைத் தன் கடைக்குள்ளேயே தேடியது. இரண்டு தெருவுக்கும் ஒரே பெயர் வைத்தால் தபால்காரர் என்ன செய்வார்? மாவனல்லையை 192.168.2 என்றும் குருநாகலை 192.168.3 என்றும் மாற்றியதும் நான்கு கணனிகள் உயிர் பெற்றன.

அடுத்தது பெயர். சேர்வரை இலக்கத்தால் அழைத்தால் பதில் வருகிறது, பெயரால் அழைத்தால் வரவில்லை என்றால் அது டி.என்.எஸ். கோளாறு. கிளைக் கணனி இணையக் கம்பனியின் டி.என்.எஸ்.ஸிடம் கேட்கிறது. நம் கடைக்குள் இருக்கும் சேர்வரின் பெயர் அதற்கு எப்படித் தெரியும்? கிளைகளும் தலைமைக் கடையின் டி.என்.எஸ்.ஸிடம் கேட்கும்படி அமைக்க வேண்டும்.

கதவு

ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் எனப்படும் ஒரு கதவு இலக்கம் உண்டு. ஏஜென்ட் சேர்வரோடு பேசுவதற்குப் பெரும்பாலும் 443 போதும். ஆனால் கொழும்பிலிருந்து தள்ளி நிறுவுவதற்கு விண்டோஸில் 135, 445 போன்ற கதவுகள் கிளைக் கணனியில் திறந்திருக்க வேண்டும். புதிய ரவுட்டர் பொருத்தியதும் விண்டோஸ் அந்த இணைப்பைப் பொது இடத்து இணைப்பாகக் கருதி இவற்றை மூடி விடுவது வழக்கம். எமக்கு நடந்ததும் அதுவே.

இதற்கு மருந்து ஃபயர்வோலை நிறுத்துவதல்ல. தலைமைக் கடைச் சேர்வரின் முகவரியிலிருந்து வருவதற்கு மட்டும் அந்தக் கதவைத் திறப்பதுதான். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வன்னாக்ரை என்னும் வைரஸ் இதே 445ஆம் கதவு வழியாகத்தான் கணனிக்குக் கணனி தாவியது. அதைத் தடுக்கும் புதுப்பித்தலை மைக்ரோசொஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்னதாக, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். குருநாகல் கதையும் அதே கதைதான்.

சாவி

கடவுச்சொல் சரியாக இருந்தும் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தால் திகைக்க வேண்டாம். ஒரு கணனிக்குள் நாம் உருவாக்கிய நிர்வாகிக் கணக்கு, வலையமைப்பு வழியாக வரும்போது விண்டோஸ் அதன் அதிகாரத்தைக் குறைத்து விடுகிறது. இது பிழையல்ல, பாதுகாப்பு. டொமைன் இருந்தால் இவ்வேலைக்கென்றே ஒரு கணக்கை உருவாக்கிக் கொள்ளலாம். இல்லையேல் சிறு கடைக்குக் கையால் நிறுவுவதே எளிது. எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் மட்டும் வேண்டாம். ஒரு கணனியின் சாவி போனால் 14 கணனிகளும் போய் விடும்.

கடிகாரம்

எமது ஸ்டோர் கணனி ஒன்று எதற்கும் மசியவில்லை. பார்த்தால் அதன் திகதி பல வருடம் பின்னே நின்றது. உள்ளே இருக்கும் காசு போன்ற சிறு பெட்டரி தீர்ந்திருந்தது. சேர்வரின் சான்றிதழ் "இன்னும் ஆரம்பமாகாத திகதிக்குரியது" என்று அது நிராகரித்துக்கொண்டிருந்தது. டொமைன் உள்ள இடத்தில் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டாலே உள்நுழைவு தடைப்படும். நேர வலயத்தையும் பாருங்கள். நம் நாட்டு நேரம் 2006 ஏப்ரலில் ஐந்தரை மணிக்கு மாறியது. வலயத்தை ஆறு மணியில் விட்டுவிட்டு முள்ளை மட்டும் கையால் திருத்தினால், சுவர்க் கடிகாரத்தோடு ஒத்திருந்தாலும் உள்ளே அரை மணி பிழையாகவே ஓடும்.

அடையாளம்

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். எல்லாம் செய்தும் பட்டியல் 13க்கு மேல் ஏறவில்லை. காலையில் மாவனல்லைக் காசாளர் கணனி தெரியும், சற்று நேரத்தில் மறைந்து விடும். மாவனல்லைக் கடையைப் பார்ப்பவர் வாப்பாவின் காலத்திலிருந்தே எம்மோடு இருப்பவர். நான் அவரை நானா என்றுதான் அழைப்பேன். கண்காணிப்பு பிடிக்காமல் யாரோ வயரைக் கழற்றுகிறார்கள் என்று எண்ணி, தொலைபேசியில் அவரிடம் கடுமையாகப் பேசி விட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "வந்து பாருங்கள் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மருமகன் போய்ப் பார்த்தான். மாவனல்லைக் கணனி மறையும் நேரமெல்லாம் குருநாகலில் ஒரு கணனி தோன்றியது. நேரத்தை மிச்சம் பிடிக்க, ஏஜென்ட் போட்ட ஒரு கணனியின் டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்து மற்றதற்கும் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கு ஒரே அடையாள அட்டை இலக்கம். சேர்வருக்கு இருவரும் ஒருவரே. ஒரு கணனியில் ஏஜென்டின் பழைய அடையாளத்தை அழித்துப் புதிதாக நிறுவியதும் 14 ஆயிற்று. பிரதி எடுப்பதானால் ஏஜென்ட் போடுவதற்கு முன் எடுக்க வேண்டும், விண்டோஸின் சிஸ்பிரெப் கருவியையும் ஓட்ட வேண்டும். மறுநாளே மாவனல்லைக்குப் போய் நானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். திரையில் சிவப்பு வந்தால் முதலில் ஏஜென்டின் பதிவுக் கோப்பைப் படியுங்கள். எந்த நிமிடம் என்ன நடந்தது என்று அதில் இருக்கும். அதற்குப் பிறகு ஆளைக் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை

எல்லாக் கணனிக்கும் கட்டளையிடும் மென்பொருள் பிறர் கையில் சிக்கினால் என்னவாகும்? 2021 ஜூலை 2ஆம் திகதி கசேயா என்னும் நிறுவனத்தின் இத்தகைய மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகக் கப்பம் கேட்கும் வைரஸ் பரப்பப்பட்டது. சுவீடனில் கூப் சுப்பர்மார்க்கட்டின் காசாளர் இயந்திரங்கள் நின்று, சுமார் 800 கடைகள் மூடப்பட்டன. கூப் நேரடியாகத் தாக்கப்படவில்லை. அதன் இயந்திரங்களைப் பராமரித்தவர்களின் வழியாகவே வைரஸ் வந்தது. ஆகவே சேர்வரின் நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். இரட்டைச் சரிபார்ப்பு இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். கணக்குகளின் பிரதி ஒன்றை வலையமைப்போடு இணையாத டிஸ்க்கில் வையுங்கள்.

விற்பவரோடு பேசும்போது மூன்று நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். முதலாவது, எல்லாக் கணனிகளும் தொடர்ந்து ஏழு நாட்கள் பச்சையாக நின்ற பிறகே கடைசித் தவணை. இரண்டாவது, திறந்த கதவுகளின் இலக்கங்களும் மாற்றிய முகவரிகளும் ஒரு தாளில் எழுதித் தரப்பட வேண்டும். மூன்றாவது, வேலை முடிந்ததும் அவர்கள் பாவித்த கணக்குகள் மூடப்பட வேண்டும். கடையின் சாவியை மேசன்மாரிடம் விட்டுவிட்டு நாம் வீடு போவதில்லை. கணனியின் சாவியும் அப்படித்தான்.