அனந்தாழ்வான் வெட்டிய ஏரி

திருப்பதி நகருக்கு வடக்கே உயர்ந்து நிற்பது ஏழுமலைத் தொடர். அதன்மேல் அமைந்த ஊர் திருமலை. அங்குப் பெய்யும் மழைநீர் பாறைச் சரிவுகளில் வழிந்து விரைவில் கீழே இறங்கிவிடும். அதனைத் தேக்கி வைத்தால்தான் கோடையைக் கடக்க இயலும்.

வைணவர்கள் திருமலையைப் 'புஷ்ப மண்டபம்' என்பர். இறைவனுக்கு மலர்த்தொண்டு புரிய அங்கே தங்குபவர் யார் என இராமானுசர் தம் சீடர்களிடம் வினவினார். மலையின் குளிருக்கு அஞ்சிப் பலரும் தயங்கினர். அனந்தாழ்வான் மட்டுமே முன்வந்தார். இன்றைய கருநாடகத்தில் பிறந்த அவர், பிறந்த ஊரைவிட்டு வந்து திருமலையில் குடியேறினார்.

நந்தவனம் செழிக்க நீர் வேண்டும். எனவே அவர் ஏரி வெட்டத் தொடங்கினார். அவர் கடப்பாரையால் மண்ணைத் தோண்ட, கருவுற்றிருந்த அவர் மனைவி கூடையில் சுமந்து கொட்டினார். சிறுவன் ஒருவன் உதவ வந்தான். தொண்டைப் பிறரோடு பங்கிட விரும்பாத அனந்தாழ்வான் மறுத்தார். அவர் அறியாமல் சிறுவன் அம்மையாரின் கூடையை வாங்கிச் சுமந்தான். அதனைக் கண்டு சினந்த அவர் கடப்பாரையை எறிந்தார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. பின்னர்க் கோயிலில் இறைவன் திருமேனியின் மோவாயில் குருதி கண்டு கலங்கினார். காயத்திற்குப் பச்சைக் கற்பூரம் சாத்தினார் என்பது மரபுவழிச் செய்தி. அக்கடப்பாரை இன்றும் கோயிலின் பெருவாயிலில் தொங்குகிறது. அவர் அமைத்த தோட்டமும் கோயிலின் அருகே உள்ளது.

இன்று நாள்தோறும் பல்லாயிரவர் திருமலைக்கு வருகின்றனர். பாபவிநாசம், கோகர்ப்பம், ஆகாசகங்கை, குமாரதாரை, பசுப்புதாரை ஆகிய நீர்த்தேக்கங்கள் அவர்களின் தாகம் தீர்க்கின்றன. 1977இல் கட்டப்பட்ட கல்யாணி அணையின் நீரும் மலைக்கு ஏற்றப்படுகிறது. பருவமழை பொய்த்தால் இவையனைத்தும் வற்றத் தொடங்கும். அன்று ஒருவர் உணர்ந்த தேவையை இன்று ஊரே உணர்கிறது. குழாயைத் திறந்துவிட்டு மறப்பவர், அவர் மனைவி சுமந்த மண்கூடையை நினைத்தல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
நந்தவனம் – கோயிலுக்குரிய பூந்தோட்டம்
தொண்டு – பயன் கருதாப் பணி
மோவாய் – வாய்க்குக் கீழுள்ள முகப்பகுதி
குருதி – இரத்தம்

விடை எழுதுக
1. திருமலையில் மழைநீரைத் தேக்குவது ஏன் இன்றியமையாதது?
2. அனந்தாழ்வான் சிறுவனின் உதவியை ஏன் மறுத்தார்?
3. உம் வீட்டுக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.