பெயர் ஒன்று; நோய் பல

மார்பகப் புற்றுநோய் என்னும் பெயர் ஒன்றே. அப்பெயருக்குள் அடங்கும் நோய்களோ பல. ஒத்த வயதினர் இருவருக்கு ஒரே அளவில் கட்டி தோன்றினும், ஒருவரைக் காக்கும் மருந்து மற்றவருக்குப் பயன்படாமல் போகலாம். இவ்வேறுபாட்டைக் கண்ணாலோ விரலாலோ அறிய இயலாது. கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 என்னும் மூன்று புரதங்கள் அதில் உள்ளனவா என ஆய்வகத்தில் தேடுகின்றனர்.

ஏற்பியுள்ள புற்றுச்செல், உடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோனையே தன் வளர்ச்சிக்கான ஆணையாகக் கொள்கிறது. சினைப்பைகளை அகற்றியபின் மார்பகக் கட்டி சுருங்கியதை ஜார்ஜ் பீட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1896ஆம் ஆண்டிலேயே எழுதினார். அதன் காரணமோ, ஏற்பி கண்டறியப்பட்ட பின்னரே விளங்கியது. இன்று அவ்வாணை செல்லைச் சேராமல் தடுக்கும் பணியைத் தமாக்சிபென் மாத்திரை செய்கிறது. ஹெர்-2 மிகுந்த கட்டி விரைந்து வளர்வது. ஒரு காலத்தில் மருத்துவர் பெரிதும் அஞ்சிய வகை. 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் மருந்து அந்நிலையை மாற்றியது. மூன்று புரதங்களும் காணப்படாத கட்டியை மும்மை எதிர்மறை வகை என்பர். மேலைநாடுகளில் 100 நோயாளிகளுள் ஏறத்தாழ 15 பேருக்கு இவ்வகை. இந்திய ஆய்வுகளிலோ ஏறத்தாழ 30 பேருக்கு.

அமெரிக்கப் பதிவேட்டின்படி, ஹார்மோன் ஏற்பியுள்ள, ஹெர்-2 மிகாத வகையினருள் 100க்கு ஏறத்தாழ 95 பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். மும்மை எதிர்மறை வகையினருள் 78 பேர். இவ்வெண்களை மட்டும் நோக்கி முன்னதை எளிய நோய் எனக் கருதுவது பிழை. மும்மை எதிர்மறை வகை மீண்டும் தோன்றுமாயின் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே தோன்றும்; ஐந்தாண்டுகளுக்குப்பின் அந்த அச்சம் வெகுவாகக் குறைகிறது. ஹார்மோன் சார்ந்த வகையோ 15, 20 ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும். ஐந்தாண்டு என்னும் அளவுகோல் இவ்விரண்டையும் ஒரே நேர்மையுடன் அளப்பதில்லை.

வகையைப் போலவே நிலையும் விளைவைத் தீர்மானிக்கிறது. மும்மை எதிர்மறைக் கட்டி மார்பகத்தைத் தாண்டாத நிலையில் 100க்கு 90 பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின்னரோ 20 பேர்கூட இல்லை. வலியில்லாக் கட்டிதானே, மல்லாட்டை பிடுங்கி முடியட்டும் எனத் திண்டிவனத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு பெண் காலந்தாழ்த்தினால், எந்த வகைக்காக எத்தனை மாதங்களை இழக்கிறார் என்பதை அவரும் அறியார்; பரிசோதனை செய்யும்வரை மருத்துவரும் அறியார்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. புற்றுநோய்க்கெனச் சிறப்பு மருத்துவம் வேண்டுவோர் புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை அண்ணா நினைவு மருத்துவமனை, முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவற்றை நாடுகின்றனர். இவ்வாறு ஊர் மாறுவோர் மூன்று புரதங்களின் முடிவு எழுதிய அறிக்கையையும் உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும். அது தொலைந்தால், மெழுகில் பதித்துக் காத்த திசுவைத் தேடிப்பெற்று மீண்டும் பரிசோதிக்க நேரும். ஹார்மோன் சார்ந்த வகையினருக்கு வேறொரு சோதனையும் உண்டு: கட்டி நீங்கி, உடல் தேறி, வயல்வேலைக்குத் திரும்பிய பின்னரும் ஐந்தாண்டுகள், சிலர் பத்தாண்டுகள், நாள்தோறும் ஒரு மாத்திரையை விடாமல் உட்கொள்ள வேண்டும்.